சோனி பிளேஸ்டேஷன் வரிசையில் என் முதலிடம் பிஎஸ் 3-க்கு

கேள்வி: ஒரே நிறுவனம் வெளியிட்ட வீட்டு வீடியோ கேம் கருவிகளை உங்கள் விருப்பப்படி வரிசைப்படுத்துங்கள். எது முதலிடம், ஏன்?

சோனியை எடுத்துக்கொள்கிறேன். அந்த நிறுவனத்தின் ஐந்து கருவிகளும் எங்கள் குடும்பத்தில் ஏதாவது ஒரு வீட்டில் இருந்திருக்கின்றன, ஐந்திலும் விளையாடியிருக்கிறேன். என் வரிசை இது: பிஎஸ் 3, பிஎஸ் 2, பிஎஸ் 1, பிஎஸ் 5, கடைசியாக பிஎஸ் 4. கையில் வைத்து விளையாடும் பிஎஸ்பியையும் வீட்டாவையும் சேர்க்கவில்லை, கேள்வி வீட்டுக் கருவிகளைப் பற்றியது என்பதால்.

பிஎஸ் 3-ஐ முதலிடத்தில் வைப்பவர்கள் குறைவு என்று தெரியும். பெரும்பாலோர் பிஎஸ் 2 என்பார்கள். நான் எதை வைத்து அளக்கிறேன் என்று சொன்னால்தான் இந்த வரிசை புரியும். நான் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. இந்த ஊரின் எத்தனையோ குடும்பங்களைப் போல எங்கள் குடும்பமும் இரண்டு நாடுகளில் பிரிந்து கிடக்கிறது. சித்தப்பா பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிஸ் புறநகரில் குடியேறியவர். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தோடு வருவார். பெட்டியில் எங்களுக்கென்று ஏதாவது இருக்கும். பெரியம்மா கடலூரில், மஞ்சக்குப்பத்தில். ஆகவே ஒரு கருவியைப் பார்த்தால் எனக்கு முதலில் எழும் கேள்வி: இந்த மூன்று வீடுகளுக்கு இடையே இது எவ்வளவு சுலபமாகப் போய்வரும்? திரையில் தெரியும் அழகு அதற்கு அடுத்ததுதான்.

பிஎஸ் 4-ஐ முதலில் முடித்துவிடுகிறேன். அதில் வந்த விளையாட்டுகளை நான் குறை சொல்லமாட்டேன். 2015-இல் வந்த 'பிளட்போர்ன்' ஒன்றுக்காகவே பலர் அந்தக் கருவியை இன்னும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்வது சரி. 8 ஜிபி நினைவகத்தோடு, நிரல் எழுதுபவர்களுக்கு வசதியாக அமைந்த நல்ல இயந்திரம் அது. ஆனால் முந்தைய கருவியின் டிஸ்க் ஒன்றைக்கூட அது ஏற்காது. பெரும்பாலான விளையாட்டுகளில் இணையத்தில் மற்றவரோடு சேர்ந்து ஆட வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். தொலைக்காட்சியோடு இணைக்க, புதுவகைத் தொலைக்காட்சிகளில் இருக்கும் எச்டிஎம்ஐ முனை தவிர வேறு வழி கிடையாது. இந்தியாவில் அது 2014 ஜனவரியில் 39,990 ரூபாய்க்கு வந்தபோது எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பழைய குழாய்த் தொலைக்காட்சிதான். அவர்களுக்கு அந்தக் கருவியால் பயன் இல்லை. பாட்டு சிடியும் அதில் ஓடாது. அதுவரை ஒவ்வொரு தலைமுறையிலும் திறந்தே இருந்த கதவுகள் பல ஒரே நேரத்தில் மூடப்பட்டன. அதனால் கடைசி இடம்.

பிஎஸ் 5 கொஞ்சம் மேலே. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தது. பிஎஸ் 4 விளையாட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே அதில் ஓடுகின்றன. கன்ட்ரோலரின் அதிர்வு உண்மையிலேயே புதியது. மணலில் நடப்பதும் கண்ணாடியில் நடப்பதும் உள்ளங்கையில் வேறுவேறாகத் தெரிகின்றன. கருவியோடு இலவசமாகவே வரும் 'ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்' ஒரு பொக்கிஷம். சோனியின் பழைய கருவிகளையும் மெமரி கார்டுகளையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும் விளையாட்டு அது. பழைய பிஎஸ் 1 அங்கே திரையில் தோன்றியபோது நான் கத்தியேவிட்டேன். ஆனால் பிஎஸ் 1, பிஎஸ் 2, பிஎஸ் 3 விளையாட்டு டிஸ்க்குகளை அந்தக் கருவி படிக்காது. எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் அவைதான்.

இனி பிஎஸ் 1. ஜப்பானில் 1994 டிசம்பரிலும் ஐரோப்பாவில் 1995 செப்டம்பரிலும் வெளிவந்தது. சித்தப்பா கொண்டுவந்தது சாம்பல் நிறப் பெட்டி. பிரான்சிலும் இங்கும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மின்மாற்றி எதுவும் தேவைப்படவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த கருவி என்றால் 110 வோல்ட்டுக்குத் தனிப் பெட்டி வேண்டும். ஐரோப்பியக் கேபிளின் நுனியில் 'ஸ்கார்ட்' என்ற அகலமான செருகி இருக்கும். அதைக் கழற்றினால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள். அப்படியே நம் தொலைக்காட்சியில் செருகிவிடலாம். இந்தியத் தொலைக்காட்சிகளும் ஐரோப்பாவுக்கான கருவிகளும் 'பால்' (PAL) என்ற ஒரே வண்ணப்பட முறையில் இருந்ததன் பலன்.

அந்தப் பால் முறைக்கு ஒரு விலையும் இருந்தது. ஜப்பானியக் கருவி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். நம்முடையது 50 முறை. சரியாக மாற்றி அமைக்கப்படாத விளையாட்டுகள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரியும். அன்று அது எங்களுக்குத் தெரியாது. பின்னாளில் 60 ஹெர்ட்ஸில் அதே சண்டை விளையாட்டைப் பார்த்தபோது, சிறுவயதில் நான் அறிந்த வேகமே வேறு என்று புரிந்தது. திரையில் உருவங்களின் ஓரங்கள் நடுங்குவதும் சுவர்களின் படம் வளைவதும் பிஎஸ் 1-க்கே உரியவை. தூரத்தைக் கணக்கில் கொள்ளாமல் படங்களைத் தட்டையாக ஒட்டும் கருவி அது. எனக்கு அந்த நடுக்கம் பிடிக்கும். 2 எம்பி நினைவகத்தில் ஒரு முழு உலகத்தைக் காட்ட முயன்றவர்களின் உழைப்பு அதில் தெரிகிறது.

இந்த இடத்தில் சொல்லியாக வேண்டிய ஒன்று: விசிடி ஓடக்கூடிய வெள்ளை நிற பிஎஸ் 1 ஒன்றை ஆசியாவின் சில பகுதிகளுக்கென்றே சோனி தயாரித்தது. விசிடி வாடகைக் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்த நம் ஊர்ப் பக்கம் அது பரவலாகக் கிடைத்திருந்தால் வீட்டுப் பெரியவர்களும் பிளேஸ்டேஷனை உரிமையோடு கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பிஎஸ் 2 எனக்கு இரண்டாமிடம், மிகச் சிறிய வித்தியாசத்தில். 2000-இல் வந்து, தயாரிப்பு முடிவுக்கு வரும்வரை 12 ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 16 கோடி அளவுக்கு விற்ற கருவி. அதன் உள்ளமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பிஎஸ் 1-இன் மையச் செயலியே அதற்குள் உட்கார்ந்திருந்தது. புது விளையாட்டு ஓடும்போது கன்ட்ரோலர், மெமரி கார்டு போன்றவற்றைக் கவனிக்கும். பழைய டிஸ்க் போட்டால் தானே முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளும். பழையதைத் தூக்கி எறியாமல் அதற்கு வேலை கொடுத்து வைத்துக்கொள்ளும் இந்த யோசனையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

கடலூரில் பெரியம்மா வீட்டில் இருந்தது மெல்லிய பிஎஸ் 2. அதை இணைத்தது தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியில். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோதும் வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு மின்விசிறி, அந்தத் தொலைக்காட்சி, பிஎஸ் 2 மூன்றும் சேர்ந்து ஓடின. அண்ணன்கள் கிரிக்கெட் விளையாட்டைப் போட்டால் எழுந்திருக்கவே மாட்டார்கள். எனக்கு 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்'. அகன்ற வெட்டவெளி, ஒரு குதிரை, கோபுர உயரப் பூதங்கள். வழியில் வேறு எதிரிகளே இல்லை. சின்னஞ்சிறு திரையிலும் அந்த வெறுமை மனத்தைப் பிடித்துக்கொண்டது.

நம் நாட்டை நினைத்து விளையாட்டுகள் வந்ததும் இந்தக் கருவியில்தான். 2009-இல் ஐதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது, அதே காலத்தில் கபடியும் கிட்டிப்புள்ளும் சேர்ந்த 'தேசி அட்டா' வந்தது. தரத்தில் அவை பெரிய விளையாட்டுகளுக்கு ஈடில்லை. ஆனாலும் கிட்டிப்புள்ளைத் திரையில் பார்த்த பெரியப்பா, கன்ட்ரோலரைத் தரும்படி கையை நீட்டினார். அதற்கு முன்பு அவர் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை.

பிறகு ஏன் முதலிடம் இல்லை? டிவிடி படங்களை உலகம் முழுவதும் மண்டலம் மண்டலமாகப் பிரித்திருந்தார்கள்: பிரான்ஸ் 2, இந்தியா 5. பாரிசிலிருந்து வந்த பிஎஸ் 2-இல் இந்தியாவில் விற்ற ஆங்கிலப் பட டிவிடிகள் பல ஓடாது. எல்லா மண்டலங்களுக்கும் பொதுவாக வந்த தமிழ்ப் பட டிவிடிகள் ஓடும். விளையாட்டிலும் அப்படித்தான், ஜப்பானிய, அமெரிக்க டிஸ்க்குகளைக் கருவி மறுத்துவிடும். எட்டு எம்பி மெமரி கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாரிசுக்கு அது முடியாது, அடுத்த ஆகஸ்ட் வரை.

பிஎஸ் 3 அதை மாற்றியது. என் தேர்வுக்கு அதுதான் முழுக் காரணம்.

அதன் விளையாட்டு டிஸ்க்குகளுக்கு மண்டலத் தடை கிட்டத்தட்ட இல்லை. எந்த நாட்டில் வாங்கினாலும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். இந்தியாவில் விற்றவையும் பெரும்பாலும் ஐரோப்பியப் பதிப்புகள்தான். இணையத்தில் சேர்ந்து ஆடத் தனிக் கட்டணம் இல்லை. பேசுவதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை, கைப்பேசிக்கு வைத்திருந்த புளூடூத் ஹெட்செட் போதும். எச்டிஎம்ஐயும் உண்டு, பழைய மூன்று முனைக் கேபிளும் உண்டு. பென் டிரைவில் இருக்கும் பாட்டும் படமும் ஓடும். ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் கணினிக் கடையில் கிடைக்கும் இரண்டரை அங்குல டிஸ்க்கை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

2009 செப்டம்பரில் மெல்லிய பிஎஸ் 3 ஐரோப்பாவில் 299 யூரோவுக்கு வந்தது. சித்தப்பா இரண்டு வாங்கினார். ஒன்று அவர் வீட்டுக்கு, ஒன்று எங்களுக்கு. பிரான்சில் அப்போது தொடக்கப்பள்ளிகளுக்குப் புதன்கிழமை விடுமுறை. குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே மதியம் இரண்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. சித்தப்பா மகனான தம்பி சாப்பிட்டுவிட்டு உட்காருவான், நான் வேலை முடிந்து வந்து உட்காருவேன். 'லிட்டில்பிக்பிளானட்' போடுவோம். சாக்குத் துணியால் தைத்த பொம்மைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் போகும் விளையாட்டு. பல இடங்களில் ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் ஏற வேண்டும். அன்றைய மெதுவான இணைய இணைப்பில் அவ்வப்போது திக்கும். ஆனாலும் ஓடும்.

தொலைபேசியில் பேசினால் அவன் நலம் விசாரித்துவிட்டு உடனே சித்தியிடம் கொடுத்துவிடுவான். பள்ளியில் முழுக்கப் பிரெஞ்சு. தமிழில் என்ன பேசுவது என்று தெரியாத வயது. விளையாட்டில் பேசாமல் முடியாது. "அக்கா, நீ முதலில் போ", "விடாதே, பிடித்துக்கொள்", "அக்கா, நெருப்பு!" என்று ஒரு மணி நேரம் ஓயாமல் தமிழ் வரும். அம்மா அடுப்படியிலிருந்து அவன் குரலைக் கேட்டு வந்து நிற்பார். அடுத்த கோடையில் வந்தபோது அவன் எங்களோடு கூச்சமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டான். எந்த விளையாட்டு விமர்சனத்திலும் இதற்கு மதிப்பெண் இல்லை. என் வரிசையில் இதற்குத்தான் முதல் மதிப்பெண்.

பிஎஸ் 3-இன் குறைகளும் எனக்குத் தெரியும். சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய 'செல்' செயலி மிகுந்த திறன் கொண்டது. ஆனால் அதற்கு நிரல் எழுதுவது கடினம். 512 எம்பி நினைவகம் இரண்டு பாதியாகப் பிரிந்திருந்ததால் சில பெரிய விளையாட்டுகள் இதில் திணறின. ஐரோப்பாவில் முதலில் வந்த மாதிரியின் விலை 599 யூரோ. அதன் மின்வழங்கி 380 வாட், இன்வெர்ட்டருக்குப் பாரம். மெல்லிய மாதிரியில் பிஎஸ் 2 டிஸ்க் ஓடாது. லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை நிறுவும் வசதியைப் பழைய மாதிரிகளிலிருந்து 2010 ஏப்ரலில் நீக்கியது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய வசதி அது. 2011 ஏப்ரலில் இணையச் சேவைக்குள் ஊடுருவல் நடந்து, 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாகி, சேவை மூன்று வாரங்களுக்கு மேல் நின்றது. இவ்வளவையும் எடைபோட்ட பிறகும் என் வரிசை மாறவில்லை.

இன்று பழைய பிஎஸ் 3 வாங்க நினைப்பவர்களுக்கு: மெல்லிய மாதிரியையோ அதற்குப் பின் வந்த இன்னும் சிறிய மாதிரியையோ தேடுங்கள். நம் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் துருப்பிடிக்கும். எச்டிஎம்ஐ முனையையும் யுஎஸ்பி முனைகளையும் விளக்கடித்துப் பாருங்கள். கடைக்காரர் முன்னால் ப்ளூ-ரே டிஸ்க் போட்டு அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். காற்றாடி இரைந்தால் உள்ளே செயலியின் சூட்டைக் கடத்தும் வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். பிஎஸ் 3-க்கான இணையக் கடையை மூடப்போவதாக 2021-இல் அறிவித்த சோனி, எதிர்ப்பு வந்ததும் அதைக் கைவிட்டது. ஆனாலும் அதை நம்பியிருக்காமல் டிஸ்க்காகவே வாங்குங்கள். 'லிட்டில்பிக்பிளானட்' சேவையகங்கள் அதே 2021-இல் மூடப்பட்டுவிட்டன, இணையத்தில் சேர்ந்து ஆட முடியாது. ஒரே அறையில் நால்வர் ஆடும் வசதி இன்றும் அப்படியே வேலை செய்கிறது. விடுமுறைக்கு உறவினர் வரும் வீடு என்றால் கன்ட்ரோலர் நான்காக வாங்கிவிடுங்கள்.