சென்னையிலிருந்து சிட்னி: அம்மாவுக்கு எத்தனை மணி நேரப் பயணம்?

தம்பி, அம்மா முதல்முறையாக, அதுவும் தனியாக வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். வரைபடத்தில் 9,100 கிலோமீட்டர்தானே, பத்து மணி நேரத்தில் வந்துவிடலாமே, டிக்கெட்டில் ஏன் இருபது மணி நேரம் போலத் தெரிகிறது என்பது உங்கள் கேள்வி.

தூரம் சரிதான். ஆனால் சென்னையிலிருந்து சிட்னிக்கு நேர் விமானம் கிடையாது. எங்கே மாறுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. சிங்கப்பூர் கிட்டத்தட்ட போகிற வழியிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து அங்கே 2,900 கிலோமீட்டர், அங்கிருந்து சிட்னி 6,300. சுற்றே இல்லை. துபாய் வழியாகச் சில சமயம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் மேற்கே போய்த் திரும்பி வருவதில் மொத்தம் 15,000 கிலோமீட்டர் ஆகிவிடும். துபாய்–சிட்னி மட்டுமே ஏறக்குறைய 14 மணி நேரம். வயதான கால்களுக்கு அது வேண்டாம்.

இப்போது அந்த இருபது மணி நேரம். இரவு 11 மணிக்குச் சென்னையில் கிளம்பி, மறுநாள் மாலை 7 மணிக்குச் சிட்னியில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரப்படி இருபது. ஆனால் சிட்னி நம் ஊரைவிட நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் பதினைந்தரை: பறப்பது சுமார் பன்னிரண்டு, மிச்சம் சிங்கப்பூரில் காத்திருப்பு. அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை இங்கே சிட்னியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அப்போது ஐந்தரை கழியுங்கள்.

காத்திருப்பு மூன்று நான்கு மணி நேரம் இருக்கட்டும். ஒரு மணி நேர இணைப்பை எடுக்காதீர்கள், முதல் விமானம் கொஞ்சம் தாமதமானாலே அம்மா ஓட வேண்டியிருக்கும். முக்கியமாக, முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். பெட்டி நேராகச் சிட்னிக்கு வந்துவிடும். தனித்தனியாக வாங்கினால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும், அதற்குச் சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதியும் கேட்பார்கள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் தெரியாதவருக்கு அடுத்த வாசல்வரை கூட வர ஒரு ஆள் இருப்பது பெரிய நிம்மதி.

முடிந்தால் மாலையில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு, அதாவது அந்த நேரத்தில் பொதுவாக விமானங்கள் இறங்குவதில்லை. அதனால் இரவெல்லாம் பறந்து வந்தவை ஆறு மணிக்கு மேல் வரிசையாக இறங்கும். குடியேற்ற வரிசை நீண்டுவிடும்.

அப்புறம், பொடி, ஊறுகாய், அப்பளம் எதுவானாலும் உணவு இருக்கிறது என்று ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது நிரப்பும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அபராதம் இல்லை, மறைத்தால் உண்டு. பச்சைக் கறிவேப்பிலையும் விதைகளும் பெட்டியில் வேண்டவே வேண்டாம். அம்மா பாசத்தில் திணித்துவிடுவார், மூடும் முன் வீடியோ அழைப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.