புரோலாக்டின் கூடினால் மாதவிடாய் ஏன் நின்றுபோகிறது?

பால் சுரக்க வைக்கும் ஹார்மோனுக்கும் மாதவிடாய்க்கும் என்ன சம்பந்தம், அதுவும் சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களான எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டும் நார்மல் என்று ரிப்போர்ட் வந்த பிறகு, என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தம் மூளையில் இருக்கிறது. மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ் ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனைத் தொடர்ந்து ஊற்றுவதில்லை, விட்டு விட்டுத்தான் சுரக்கும். அந்தத் தாளத்துக்கு ஏற்பத்தான் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச்சையும் எஃப்எஸ்ஹெச்சையும் வெளிவிடுகிறது. புரோலாக்டின் எகிறினால் ஜிஎன்ஆர்ஹெச்சைத் தூண்டும் கிஸ்பெப்டின் நரம்பணுக்கள் அடங்கிவிடும், தாளம் தப்பும், எல்ஹெச் சரியாகத் துடிக்காது, கருமுட்டை முதிராது, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் இறங்கிவிடும், மாதவிடாயும் நின்றுபோகும். ஆண்களுக்கு இதே வழியில் டெஸ்டோஸ்டிரோன் குறையும்.

சரி, நார்மல் ரிப்போர்ட்? ஈஸ்ட்ரோஜன் அவ்வளவு குறைந்திருக்கும்போது அதை ஈடுகட்ட எல்ஹெச்சும் எஃப்எஸ்ஹெச்சும் ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் நார்மலிலேயே நிற்பதுதான் கோளாறு.

புரோலாக்டின் கூடியதும் உடனே பிட்யூட்டரியில் கட்டி என்று பயப்பட வேண்டாம். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் எல்லாம் புரோலாக்டினை அடக்கி வைக்கும் டோபமைனைத் தடுத்து அதை ஏற்றிவிடும் (டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்). தைராய்டு குறைந்தாலும் ஏறும், கர்ப்பத்திலும் ஏறும், அதனால் முதலில் இவற்றைப் பார்ப்பார்கள். கட்டியே என்றாலும் பெரும்பாலும் காபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கும், அப்புறம் மாதவிடாயும் திரும்பிவிடும்.