மணி பிளான்ட் என்று வாங்கியது மணி பிளான்ட்தானா?

வெள்ளவத்தை வாசகி: கடையில் மணி பிளான்ட் என்று தந்தார்கள். சிநேகிதி பிலொடென்ட்ரன் என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

இலை வடிவத்தை நம்பாதீர்கள், காம்பைத் தடவுங்கள். மேற்பக்கத்தில் நீளப் பள்ளம் ஓடினால் மணி பிளான்ட் (எபிப்ரெம்னம் ஆரியம்); காம்பு உருண்டையாகவும் இலை மெல்லியதாகவும் இருந்தால் பிலொடென்ட்ரன். அதிலும் சந்தேகமென்றால் புதுத் துளிருக்குக் காத்திருங்கள். பிலொடென்ட்ரனின் துளிர் ஒரு தனி உறைக்குள்ளிருந்து வரும். உறை பிறகு காய்ந்து கணுவில் தொங்கும். மணி பிளான்டில் அந்த உறை இருக்காது.

பம்பலப்பிட்டி: என்னுடையதில் வெள்ளிப் புள்ளிகள், இலையில் பளபளப்பே இல்லை.

அது சிண்டாப்சஸ் பிக்டஸ், மணி பிளான்டின் உறவான வேறொரு கொடி. வளர்ச்சி மெதுவு, பராமரிப்பு அதேதான்.

தெஹிவளை: எங்கள் பலா மரத்தில் ஏறிய கொடியின் இலை முறம் அளவு, ஓரமெல்லாம் கிழிந்திருக்கிறது. மொன்ஸ்டெராதானே?

இலையில் மஞ்சள் தீற்றல் இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் முதிர்ந்த மணி பிளான்ட். சாடியில் தொங்கும்வரை இலை சின்னதாகவே இருக்கும். மரத்தைப் பற்றி ஏறினால்தான் பெருத்துப் பிளக்கும். மொன்ஸ்டெரா டெலிசியோசாவில் பிளவுகளோடு நடுநரம்பை ஒட்டிப் பெரிய ஓட்டைகளும் விழும். மணி பிளான்டில் அங்கே அப்படிப் பெரிய ஓட்டைகள் விழாது. வீட்டுக்குள் பெரிய இலை வேண்டுமென்றால் தும்புக் கம்பம் நட்டு, அதை ஈரமாக வைத்திருங்கள். வெட்டிய கொடியை மட்டும் கால்வாய் ஓரம் வீசாதீர்கள். பசிபிக் கடலின் மூரேயா தீவிலிருந்து வந்த செடி இது, நம் ஈரத்தில் விழுந்த இடத்திலேயே வேர் பிடித்துவிடும்.

கொட்டாஞ்சேனை: போத்தல் தண்ணீரில் வைத்திருக்கிறேன். டெங்கு நுளம்பு வருமா?

வரும். அதற்கு ஒரு போத்தலே தாராளம். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது, முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். வாரம் ஒருமுறை முழுவதும் ஊற்றி, உட்புறத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். வாயைப் பஞ்சால் அடையுங்கள். சாடிக்கு அடியிலுள்ள தட்டும் இதே கணக்குத்தான். என்னைக் கேட்டால், வேர் 5 சென்ரிமீற்றர் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

அதே வாசகர்: முன்பு வைத்த துண்டு வேர் விடாமலே அழுகியது, ஏன்?

கணு இல்லாத துண்டாக இருந்திருக்கும். கணுவுக்கு 1 சென்ரிமீற்றர் கீழே வெட்டுங்கள். கணு தண்ணீருக்குள், இலை வெளியே.

மருதானை: மழைக்காலத்தில் அடி இலைகள் மஞ்சளாகின்றன.

மண் நனைந்திருக்கும்போதே மஞ்சளானால் வேர் மூச்சுமுட்டுகிறது. கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி, தும்புத்தூள் 2 பங்கு, கரித்துண்டு 1, கொம்போஸ்ட் 1 கலந்து மாற்றி நடுங்கள். தும்புத்தூளை முதலில் அலசிக்கொள்ளுங்கள், உப்பு இருக்கலாம். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்தபின்தான் அடுத்த தண்ணீர்.

கிருலப்பனை: பூனை இலையைக் கடிக்கிறது.

செடியை உயரத்தில் தொங்கவிடுங்கள். இலையிலுள்ள கல்சியம் ஒக்சலேட் ஊசிப் படிகங்கள் வாயை எரித்து எச்சில் ஊறவைக்கும். பிலொடென்ட்ரனும் மொன்ஸ்டெராவும் அப்படியே.