பற்று யார் பேரில்?

அன்புள்ள ஐயா,

நான் பள்ளத்தூரில் வசிக்கிறேன், வயது அறுபத்தெட்டு. என் மகன் சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் அவன் வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். நாள் தவறாமல் ஏதேனும் ஒரு பெட்டி வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. சில பெட்டிகள் பிரிக்கப்படாமலே அலமாரியின் மேல் இருந்தன. பெரும்பாலானவை மாதத் தவணையில் வாங்கியவை. இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். "ஐயா கட்டிய வீட்டை நினைத்துப் பாருங்கள் ஆத்தா. பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் எதற்காக வந்தன? அவர் செய்ததைத்தானே நானும் செய்கிறேன்" என்றான், தன் பாட்டனாரைச் சொல்லி. எனக்குப் பதில் வரவில்லை.

அந்த வீட்டுக்கு இப்போது பதினோரு புள்ளிகள் (குடும்பங்கள்) பங்கு. பராமரிக்க முடியாததால் பிரித்து விற்றுவிடலாம் என்று பங்காளிகள் பேசுகிறார்கள். என் மனம் ஒப்பவில்லை. காதற்ற ஊசியும் கூட வராது என்று கேட்டு வளர்ந்த எனக்கு, இந்தத் தூண்களின் மேல் இருப்பதும் என் மகனுக்கு அந்தப் பெட்டிகளின் மேல் இருப்பதும் ஒரே ஆசைதானோ என்று அச்சமாக இருக்கிறது. இன்றைய சமூகத்தின் பொருள்முதல்வாதம் நல்லதா, கெட்டதா?

ஒரு வாசகி
பள்ளத்தூர்

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாட்கள் கையில் வைத்திருந்த பிறகே இதை எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் உங்கள் மகனைக் கண்டித்தோ உங்களைத் தேற்றியோ எழுதியிருப்பேன். இரண்டுமே தவறாகப் போயிருக்கும்.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திவிடுகிறேன். பொருள்முதல்வாதம் என்பது ஒரு தத்துவ நிலைப்பாடு. உலகுக்கு அடிப்படை பருப்பொருளே, உணர்வும் அறிவும் அதிலிருந்து தோன்றியவை என்று சொல்வது அது. நம் மரபில் உலகாயதம், பூதவாதம் என்று அதற்குப் பெயர்கள் உண்டு. அந்தக் கொள்கையோடு இரண்டு வேட்டி, நான்கு சட்டையில் வாழ்ந்து முடித்தவர்களை நான் அறிவேன். நீங்கள் கேட்பது பொருட்பற்றைப் பற்றி. அதிலுள்ள 'பற்று' என்ற சொல்லை நான் முதன்முதலில் கற்றது ஒரு கணக்கேட்டில் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் தந்தை தேவகோட்டையில் ஒரு வீட்டில் கணக்கு எழுதியவர். பேரேட்டில் ஒவ்வொருவர் பேரிலும் இரண்டு பத்திகள் இருக்கும்: அவர் கொடுத்தது வரவு, வாங்கியது பற்று. ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கும்போது ஏதாவது ஒரு தொகை இடம் தெரியாமல் நின்றால், "இது யார் பேரில் பற்று?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. ஒரு பொருள் வீட்டுக்குள் வந்திருக்கிறது என்றால் அது யாரோ ஒருவர் பேரில் பற்று எழுதப்பட்டிருக்க வேண்டும், எழுதப்படவில்லை என்றால் கணக்கில் பொய் இருக்கிறது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பொருளாசை நல்லதா கெட்டதா என்று சோதிக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். பொருளையும் அதை வைத்திருப்பவரின் மகிழ்ச்சியையும் மட்டும் பார்த்து இதற்கு விடை காண முடியாது.

உங்கள் மாமனார் கட்டிய வீட்டிலிருந்தே கணக்கைத் தொடங்குவோம். நீங்கள் வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முகப்புத் தூண்களுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்து அரைத்துப் பூசிய சுவர்கள், அந்தக் கோடையிலும் கைக்குக் குளிரும். ஆசாரிகளும் கொத்தர்களும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருப்பார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. தேக்குக்கு விலை கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போதுதான் பேரேட்டின் அடுத்த பக்கம் திறக்கிறது.

1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அங்கே விளையும் அரிசிக்கு ஐரோப்பாவில் பெரும் சந்தை உருவானது. ஐராவதி வடிநிலத்தின் சதுப்பையும் காட்டையும் வயலாக்கிய பர்மிய உழவனுக்கு முதலீடு வேண்டியிருந்தது. ஆங்கில வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்கவில்லை, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கொடுத்தார்கள். உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிக்கே கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் இல்லாமல் அந்த நெல்வயல்கள் அந்த வேகத்தில் உருவாகியிருக்க முடியாது. ஆனால் 1930-ஐ ஒட்டி உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது உழவனால் வட்டி கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு அளவில் இருந்த நகரத்தார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நூற்றுக்கு 25 பங்கானது. நிலம் வாங்குவதற்காக அவர்கள் கடன் கொடுக்கவில்லை. பணமாகத் திரும்பி வராதது மண்ணாகத் திரும்பி வந்தது. ஆயினும் இழந்தவனுக்கு அது இழப்புதான்.

என் தந்தையிடம் இரங்கூன் கடையொன்றின் பழைய பேரேடு இருந்தது. மாங் என்றும் கோ என்றும் தொடங்கும் பெயர்கள் தமிழ் எழுத்தில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் கீழும் பற்று, பற்று, மீண்டும் பற்று. 1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது கால்நடையாகத் தப்பி வந்தவர்களின் துயரம் நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். 1948-க்குப் பின் நிலங்களும் 1963-ல் வங்கிகளும் தேசியமயமானபோது விட்டு வந்த சொத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களைப் பற்றி எந்த வளவிலும் (வீட்டு உள்முற்றத்திலும்) யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனவே உங்கள் மகன் சொன்னது அவர் நினைத்ததைவிட உண்மையானது, ஆச்சி. அந்த வீட்டின் அழகுக்குப் பற்று எழுதப்பட்ட பேர்கள் பள்ளத்தூரில் யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் இருந்தன.

ஆனால் அவர் தம் பாட்டனாரின் கணக்கைப் பாதிதான் படித்திருக்கிறார். அந்த வீட்டைக் கட்டியவர் தன் ஒருவருக்காகக் கட்டவில்லை. பிறக்கப் போகிற புள்ளிகளுக்கெல்லாம் அறை வைத்துக் கட்டினார். மணமான பிள்ளையை வேறு வைக்கும்போது அதே வீட்டில் தனி அடுப்பும், ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்ற அளவும் கொடுத்தார்கள். கோடி ரூபாய்க்கு வரவு செலவு செய்த வீட்டில் இளம் ஆச்சி ஒருவர் அந்த அளவுக்குள் ஆண்டை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது; நீங்களும் அப்படிக் கற்றவராகத்தான் இருப்பீர்கள். தொழில் வருமானத்தில் மகமை என்று ஒரு பங்கு தனியே எழுதப்பட்டு, கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பாடசாலைக்கும் போனது. கூரையில் விழுந்த மழைநீருக்கும் ஊருணிக்குப் போக வழி வைத்திருந்தார்கள். ஆசை இருந்தது, மிகப் பெரிய ஆசை. அதற்கு அளவு எழுதும் கையும் கூடவே இருந்தது.

இதை வைத்துக்கொண்டு அறம் செய்ததால் எல்லாம் நேராகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். நான் படித்தது அழகப்பா கல்லூரியில். மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து, தாம் வாழ்ந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்த வள்ளல் அழகப்பர் இல்லையென்றால், கணக்குப்பிள்ளை மகனான நான் இந்தப் பதிலை எழுதும் இடத்துக்கு வந்திருக்க மாட்டேன். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு. ஆனால் ஐராவதிக் கரையில் ஒருவன் பேரில் எழுதிய பற்றை காரைக்குடியில் கட்டிய கல்லூரி தீர்க்காது. ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கில் நேர் செய்ய எந்தக் கணக்கப்பிள்ளையும் ஒப்பமாட்டார். இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழத்தான் வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் மகனின் பெட்டிகளுக்கு வருவோம். அவற்றில் ஒன்று துணி துவைக்கும் இயந்திரமாக இருக்குமானால் நான் அதை வணங்குவேன். என் தாய் ஏழு பேரின் துணியை ஊருணிக்கரைக் கல்லில் துவைத்து, விரலிடுக்குகள் வெடித்த கையோடு சோறு பிசைந்தவர். அந்தக் கைகள் பேரில் இருந்த பற்றை ஓர் இயந்திரம் அழிக்கிறது என்றால் அதைப் பொருட்பற்று என்று இழித்துப் பேசும் உரிமை, ஒரு நாளும் துணி துவைக்காத என்னைப் போன்ற ஆண்களுக்கு இல்லை. பொருளைப் பழிப்பவர்கள் பலர், அதைக் கழுவவும் சுமக்கவும் துடைக்கவும் வீட்டில் வேறு யாரோ இருந்தவர்கள்.

ஆனால் பிரிக்காமலே அலமாரிமேல் கிடக்கும் பெட்டிகள் வேறு. விலை மலிவு என்பதால் வாங்கிய ஐந்தாவது சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மலிவில் எழுதாமல் விட்ட பற்று எங்கே போகும் என்பதற்குத் தொலைவில் போய்த் தேட வேண்டியதில்லை. திருப்பூரின் சாயக் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த உழவர்களின் கிணறுகளைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. அந்தச் சட்டைகளின் விலைச்சீட்டில் கிணற்றுக்காரர் பெயர் இல்லை. கைபேசி மின்கலத்தில் இருக்கும் கோபால்ட்டுக்கும் அப்படியே. உலகில் தோண்டப்படுவதில் பாதிக்கு மேல் காங்கோவின் மண்ணிலிருந்து வருகிறது, அங்கே பல குழிகளில் பிள்ளைகளும் இறங்குகிறார்கள். இரங்கூன் கடையில் அமர்ந்திருந்தவருக்குத் தன் கடனாளியின் பெயரும் ஊரும் தெரியும். உங்கள் மகனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முடியாதபடிதான் இன்றைய சந்தை அமைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய பொருட்பற்றில் நான் காணும் பெரிய கேடு இதுதான். ஆசை கூடிவிட்டது என்று நான் நினைக்கவில்லை, பேரேடு கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

மாதத் தவணை என்பது அவர் தம் பேரிலேயே எழுதிக்கொள்ளும் பற்று. இன்னும் வராத சம்பளத்தின் மேல், இன்னும் வாழாத ஆண்டுகளின் மேல். நகரத்தார் தொழிலே கடன் கொடுப்பதுதான் என்றாலும், சாமான் வாங்கக் கடன் வாங்குபவரை அந்தக் கடைகளின் பணப்பெட்டியருகில் உட்கார்ந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

உளவியல் ஆய்வுகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். 1992-ல் மார்ஷா ரிச்சின்ஸ், ஸ்காட் டாசன் என்ற இரு ஆய்வாளர்கள் பொருட்பற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: பொருள் சேர்ப்பதே வாழ்வின் மையம் என்பது, அதுவே மகிழ்ச்சிக்கு வழி என்பது, வைத்திருப்பதைக் கொண்டே ஒருவரின் வெற்றியை அளப்பது. இவற்றில் ஊறியவர்களிடம் மனநிறைவு குறைவாக இருப்பதைப் பின்வந்த பல ஆய்வுகளின் தொகுப்பும் காட்டியது. தொடர்பு மிகப் பெரிதல்ல, ஆனால் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. நம் பகுதிக் கல்யாணங்களில் வளவு நிறைய வெள்ளியும் எவர்சில்வரும் மங்குச் சாமானும் பரப்பி, அதை ஊரார் எண்ணிப் பார்த்தபோது பெண்ணைப் பெற்றவர்களின் முகத்தில் இருந்ததை நினைத்தால் மூன்றாவது கூறு எனக்கு நன்றாகப் புரிகிறது. இதைப் புதிய காலத்தின் நோய் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

கடைசியாக அந்த வீடு. உங்கள் ஆசையும் மகனின் ஆசையும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் அதே கேள்விதான்: அது பூட்டிக் கிடப்பது யார் பேரில் பற்று? ஓடு மாற்றுவதும் வரி கட்டுவதும் கரையான் பார்ப்பதும் ஒன்றிரண்டு பங்காளிகள் தலையில் விழ, மற்றவர்கள் நினைவுகளை மட்டும் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது அழகான ஆசையாக இருந்தாலும் நேர்மையான ஆசை அல்ல. பதினோரு புள்ளிகளும் அளவு வகுத்துச் செலவை ஏற்றால் அதைக் காப்பாற்றுவதை நான் முழு மனதோடு ஆதரிப்பேன். பிரித்தால் தேக்குத் தூண் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை வாசலில் சாய்ந்து நிற்கும். அதற்கு வாங்குபவர் வருவார். ஆனால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் பெயர்த்தால் உடையும். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து, சூளை இல்லாமல், கையாலேயே செய்யப்பட்டு, நான்கு தலைமுறைக் கால்கள் நடந்து நடந்தே பளபளப்பேறிய கல் அது. இதைச் சொல்லும்போது எனக்கும் அந்தத் தரையின் மேல் ஆசை இருப்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) பங்காளிகள் எல்லோரும் கூடுவீர்கள் அல்லவா? அதற்கு முன் உங்கள் மகனை ஒரு வாரம் வரச் சொல்லுங்கள். அறைகளைத் திறந்து, இருக்கும் சாமான்களையும் ஆகிற செலவையும், இதுவரை யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பதையும் அவர் கையாலேயே எழுதட்டும். விற்பதா வைத்திருப்பதா என்பதை அந்த ஏட்டை எல்லோர் முன்னாலும் படித்தபின் பேசுங்கள். உங்களுக்குச் சம்மதமானால் நானும் வருகிறேன். பேரேடு எப்படி எழுதுவது என்று அவருக்குக் காட்ட, என் தந்தையின் அந்தப் பழைய ஏட்டையும் எடுத்து வருகிறேன். பர்மியப் பெயர்கள் உள்ள பக்கங்களை அவர் பார்க்க வேண்டும்.