பழைய மடிக்கணினிக்கு எந்த இயங்குதளம்?

கேள்வி: 2 ஜிபி ரேம் கொண்ட என் மடிக்கணினியில் விண்டோஸ் 7 இருக்கிறது. விண்டோஸ் 11 நிறுவலாமா?
– வாசகர், மாதுங்கா, மும்பை

பதில்: வேண்டாம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியும் தேவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. செயலி 64 பிட் எனில், லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலேயே இயக்கிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் சரியாக இருந்தால் மட்டும், கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு நிறுவுங்கள். 32 பிட் எனில் டெபியன் 12 என்ற மற்றொரு லினக்ஸ் பொருந்தும். டெபியன் 13-இல் 32 பிட்டுக்கான நிறுவி இல்லை. எதைப் போட்டாலும் உலாவிதான் நினைவகத்தை விழுங்கும். ஆகவே ரேமைக் கூட்டுவதற்குப் பின்மூடியைக் கழற்றி, ரேம் பட்டையின் ஒட்டுத்தாளில் ரேம் வகை டிடிஆர்2 என்றிருக்கிறதா, டிடிஆர்3 என்றிருக்கிறதா என்று குறித்துக்கொண்டு லாமிங்டன் சாலைக் கடைகளில் விசாரியுங்கள்.