கேமரா இருக்கட்டும், மஞ்சள் விளக்கை அளந்து பாருங்கள்

சிவப்பு விளக்கை மீறும் வண்டியைப் படம் பிடிக்கும் கேமரா வந்த பிறகு சந்திப்பில் பின்னால் வந்து இடிப்பது கூடிவிட்டது, நகர மன்றக் கூட்டத்தில் அதை எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது நடக்கக் கூடியதுதான். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் பின்மோதல் சுமார் 15 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் குறுக்கே வந்து பக்கவாட்டில் மோதுவது சுமார் 25 சதவீதம் குறைந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். பின்னால் இடித்தால் பெரும்பாலும் டிக்கி நசுங்கும். பக்கவாட்டில் இடித்தால் உங்களுக்கும் வருகிற வண்டிக்கும் நடுவில் ஒரு கதவுதான். நடந்து கடப்பவருக்கு அதுவும் இல்லை.

அதனால் கேமராவை எடுக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் சண்டை போட வேண்டியது மஞ்சள் விளக்குக்காக. அது எத்தனை விநாடி எரிகிறது என்று செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். அமெரிக்க வழிகாட்டுதலில் 3 முதல் 6 விநாடி. வேகமான சாலைக்கு அதிகம் வேண்டும். குறைவாக இருந்தால் நிற்கவும் முடியாமல் கடக்கவும் முடியாமல் ஓட்டுநர் தவிப்பார், திடீரென்று பிரேக் போடுவார். அப்புறம் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். கேமரா நிறுவனத்துக்கு அபராதச் சீட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் போனால், சீட்டு கூடுவதுதான் அதற்கு லாபம்; அதை மாதக் கட்டணமாக மாற்றச் சொல்லுங்கள்.