பாங்காக் மால்கள்: விலையைக் கேட்பதற்கு முன் விற்பவர் யார் என்று பாருங்கள்

தாய்லாந்துப் பயணம் பற்றி வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் கோயிலைப் பற்றியோ கடற்கரையைப் பற்றியோ இல்லை, கடைகளைப் பற்றித்தான். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: நான்கு நாள் பயணம். சியாம் பாராகன், சென்ட்ரல் வேர்ல்ட், எம்.பி.கே., பிளாட்டினம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றனவாம். எல்லாமே மால்தானே, ஒன்றைப் பார்த்தால் போதாதா? (சேலம் வாசகர்)

ப: போதாது. நான்குக்கும் மால் என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே நடக்கும் வியாபாரம் வேறு வேறு. பாராகனிலும் சென்ட்ரல் வேர்ல்டிலும் கம்பெனிக் கடைகள், டிபார்ட்மென்ட் ஸ்டோர்: ஒட்டிய விலைதான் விலை, பில் உண்டு, வரித் திருப்பம் (வெளிநாட்டுப் பயணி கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது) உண்டு. எம்.பி.கே.யில் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த சின்னக் கடைகள்: பேரம் உண்டு, பில் கேட்டால்தான் வரும். பிளாட்டினம் துணி மொத்த வியாபாரத்துக்கானது: மூன்று எடுத்தால் ஒரு விலை, ஒன்று எடுத்தால் இன்னொரு விலை. வாங்கியதைத் திருப்பித் தர முடியுமா, வரி கிடைக்குமா, பேரம் பேசலாமா என்பதெல்லாம் கட்டடத்தின் பளபளப்பை வைத்து முடிவாவதில்லை, உங்களிடம் விற்பவர் யார் என்பதை வைத்துத்தான் முடிவாகிறது.

இத்தனை மால்கள் ஒரே இடத்தில் குவிந்ததற்குக் காரணம் நிலமும் ரயிலும். 1956இல், ஹைனான் தீவிலிருந்து வந்து குடியேறிய சிராதிவத் குடும்பம் பாங்காக் பழைய நகரத்தின் வாங் பூராபாவில் சென்ட்ரல் டிபார்ட்மென்ட் ஸ்டோரைத் திறந்தது. இந்திய ஜவுளிக் கடைகள் நிறைந்த பஹுராத்துக்கு அது பக்கம். 1964இல் ஜப்பானிய டிபார்ட்மென்ட் ஸ்டோரான டைமாரு ராட்சபிரசோங் சந்திக்கு வந்தது. அதோடு கடைத்தெருவின் மையம் பழைய நகரத்திலிருந்து கிழக்கே நகரத் தொடங்கியது. 1973இல் சியாம் சென்டர், 1985இல் எம்.பி.கே., 1990இல் வேர்ல்ட் டிரேட் சென்டர். இந்தக் கடைசிக் கட்டடத்தை 2002இல் சென்ட்ரல் குழுமம் எடுத்துக்கொண்டது, அதுதான் இன்றைய சென்ட்ரல் வேர்ல்ட். நடுவில் 1994இல் சீக்கான் ஸ்கொயர், 1995இல் ரங்சித்தில் ஃபியூச்சர் பார்க் என்று கார் வைத்திருப்பவர்களை நம்பிப் புறநகரிலும் பெரிய மால்கள் எழுந்தன. 1997இல் தாய்லாந்து நாணயமான பாட்டின் மதிப்பு சரிந்ததும் அந்த வேகம் அடங்கியது.

மறுபடி வேகம் பிடித்தது 1999 டிசம்பர் 5க்குப் பிறகு. அன்றுதான் பி.டி.எஸ். வான்ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டு தடங்களும் சந்திக்கும் நிலையம் சியாம். 2005 டிசம்பரில் அதன் வாசலிலேயே பாராகன் திறந்தது. 2011இல் அசோக் நிலையத்தோடு ஒட்டி டெர்மினல் 21, 2014இல் பிரிட்டிஷ் தூதரகம் விற்ற நிலத்தில் சென்ட்ரல் எம்பசி, 2018இல் ஆற்றுக்கு அக்கரையில் ஐகான்சியாம், 2024இல் ஒன் பாங்காக், 2025இல் பழைய துசித் தானி ஹோட்டல் நிலத்தில் சென்ட்ரல் பார்க். இவற்றில் பலவற்றின் அடிநிலம் மால்காரர்களுடையது அல்ல. எம்.பி.கே. நிற்பது சுலாலங்கோர்ன் பல்கலைக்கழக நிலம், சென்ட்ரல் லாட் பிராவ் நிற்பது ரயில்வே நிலம், சென்ட்ரல் வேர்ல்டும் ஒன் பாங்காக்கும் அரச சொத்து நிலம். நகர நடுவில் துண்டு போடாத பெரிய மனைகள் குத்தகைக்குக் கிடைத்ததால்தான் இவ்வளவு பெரிய கட்டடங்கள் இவ்வளவு நெருக்கமாக எழ முடிந்தது.

நான்கு நாளில் ஒரு நாளைக் கடைகளுக்கு ஒதுக்குங்கள். காலையில் வெயில் ஏறுமுன் பிளாட்டினம், மதியம் சென்ட்ரல் வேர்ல்ட், மாலையில் பாதசாரிகளுக்கான மேல்பாலத்திலேயே நடந்து சியாம், கடைசியாக எம்.பி.கே. பெரிய மால்கள் காலை 10 முதல் இரவு 10 வரை. ஆனால் எம்.பி.கே.யின் சின்னக் கடைகள் 8 மணிக்கே இழுத்து மூடத் தொடங்கிவிடும்.

கே: எம்.பி.கே.யில் ஐபோன் மலிவு என்கிறார்கள். வாங்கலாமா? (மதுரை வாசகி)

ப: புதிய போன் என்றால் அங்கே வாங்குவதில் பெரிய லாபமில்லை. கம்பெனிக் கடையிலோ டிபார்ட்மென்ட் ஸ்டோரிலோ வாங்கி வரித் திருப்பம் பெற்றால் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகிவிடும், தலைவலியும் இல்லை. எம்.பி.கே. நான்காம் மாடியின் பலம் பழைய போன், உதிரி பாகம், ரிப்பேர். பழையது வாங்குவதானால் காசை எடுக்குமுன் கவுன்டரிலேயே இவற்றைப் பாருங்கள்:

*#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), செட்டிங்ஸில் உள்ள எண், பெட்டியில் அச்சான எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் போய் மாடல் எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள். எம் என்றால் புதிதாக விற்ற போன், எஃப் என்றால் கம்பெனி புதுப்பித்தது, என் என்றால் சர்வீசில் மாற்றாகக் கொடுத்தது. ‘புத்தம் புதுசு’ என்று சொல்லி எஃப் எழுத்தைக் காட்டினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். திரையோ பேட்டரியோ மாற்றியிருந்தால் அதே பக்கத்தில், சற்று புதிய மாடல்களில், பாகங்கள் பற்றிய வரலாறு என்ற பகுதி வரும். அசல் பாகம் இல்லையென்றால் அது ‘தெரியாத பாகம்’ என்றே சொல்லிவிடும். கடைசியாக, பழைய உரிமையாளரின் ஐகிளவுட் கணக்கு வெளியேறியிருக்கிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே போனை முழுதாக அழித்து, திரும்ப இயக்கிப் பாருங்கள். பூட்டிய போனை ஊருக்குக் கொண்டுவந்தால் அது வெறும் கண்ணாடிப் பலகை.

திரை மாற்றுவதென்றால் ஓலெட் திரையா எல்சிடியா என்று கேளுங்கள். விலையில் பாதி வித்தியாசம் அங்கேதான். எல்சிடி போட்டால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

பேரத்துக்கு ‘லொத் தாய் மை?’ (குறைக்க முடியுமா?) என்ற ஒரு வாக்கியம் போதும், மீதியைக் கால்குலேட்டர் பேசும். சிரித்துக்கொண்டே கேளுங்கள். குரலை உயர்த்தினால் அங்கே பேரம் முறிந்துவிடும். கார்டு தேய்த்தால் 3 சதவீதம் கூடுதல் என்று சின்னக் கடைகளில் சொல்வார்கள், பேசி முடித்த விலை ரொக்கத்துக்கா கார்டுக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கே: வரித் திருப்பம் எப்படி? பினாங்கிலிருந்து காரில் ஹாட் யாய் வந்து வாங்கினாலும் கிடைக்குமா? (பினாங்கு வாசகர்)

ப: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: தரை வழியாக எல்லை தாண்டினால் கிடைக்காது. தாய்லாந்தின் சர்வதேச விமான நிலையம் ஒன்றிலிருந்து பறந்து வெளியேறுபவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை. சடாவ் எல்லைச் சாவடி வழியாகக் காரில் திரும்புகிறவர்கள் கடையில் படிவம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தாய்லாந்தில் மதிப்புக் கூட்டு வரி 7 சதவீதம், விலைச்சீட்டிலேயே அடங்கியது. 3,210 பாட் பொருளில் 210 பாட் வரி. அதாவது சீட்டு விலையில் 6.5 சதவீதம்தான் வரி, 7 அல்ல. கழிவுகள் போகக் கையில் வருவது அதற்கும் கீழே.

நடைமுறை இது. கடையில் சுற்றுலாப் பயணிகளுக்கான வரித் திருப்பப் பலகை இருக்க வேண்டும். ஒரே கடையில், ஒரே நாளில் குறைந்தது 2,000 பாட்டுக்கு வாங்க வேண்டும். டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பல பிரிவுகளில் வாங்கியதை ஒரே கடைக் கணக்காகச் சேர்ப்பார்கள். மாலில் தனித்தனிக் கடைகளில் வாங்கியதைச் சேர்க்க மாட்டார்கள். பலர் ஏமாறும் இடம் இதுதான். 1,200 பாட் சட்டை ஒரு கடை, 1,500 பாட் செருப்பு பக்கத்துக் கடை என்றால் இரண்டுமே தேறாது.

வாங்கிய அன்றே பாஸ்போர்ட்டைக் காட்டி பி.பி.10 படிவத்தை வாங்குங்கள். அசல் வரி பில் அதோடு இணைந்திருக்க வேண்டும். மறுநாள் போய்க் கேட்டால் போட்டுத்தர மாட்டார்கள். பாஸ்போர்ட்டை ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் இதில் அதிகம் தவறவிடுகிறார்கள். படிவத்தில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து சரியா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள்.

வாங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் பொருள் உங்களோடு வெளியேற வேண்டும். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் நான்காம் மாடிப் புறப்பாட்டுக் கூடத்தில் சுங்கச் சோதனை மேசை இருக்கிறது. வாங்கியது மொத்தம் 20,000 பாட்டுக்குக் குறையாமல் இருந்தால், செக்-இன் செய்து பெட்டியை ஒப்படைக்கும் முன் பொருளையும் படிவத்தையும் அங்கே காட்டி முத்திரை வாங்குங்கள். பெட்டி பெல்ட்டில் போன பிறகு ஓடி வந்து பயனில்லை. பணம் தரும் அலுவலகம் குடியேற்றச் சோதனையைத் தாண்டி உள்ளே. நகை, கைக்கடிகாரம், கைப்பை, லேப்டாப் போன்ற விலை உயர்ந்தவற்றை அங்கே இன்னொரு முறை காட்டச் சொல்லலாம், அவற்றை விமானத்துக்குள் கொண்டுபோகும் பையிலேயே வைத்திருங்கள். திரும்ப வரும் வரிப் பணத்தை ரொக்கமாக வாங்கினால் 100 பாட் கட்டணம் கழியும். ஆகவே 2,000 பாட் பில் ஒன்றே ஒன்றுக்காக நள்ளிரவு விமானத்துக்கு முன் வரிசையில் நிற்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

நாட்டுக்குள்ளேயே தின்று தீர்த்ததற்கும், ஹோட்டல் வாடகைக்கும், பதிக்காத ரத்தினக் கற்களுக்கும் திருப்பம் இல்லை. (கல் என்றதும் நினைவுக்கு வருவது: ‘இன்று மட்டும் அரசாங்க ரத்தின விற்பனை’ என்று டுக்டுக்காரர் சொன்னால் இறங்கிவிடுங்கள். அப்படி ஒரு விற்பனையே கிடையாது.)

இன்னொன்று. பெரிய மால்களின் தகவல் மேசையில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் வெளிநாட்டவர் தள்ளுபடி அட்டை இலவசமாகத் தருவார்கள். பில் போட்ட பிறகு நீட்டினால் செல்லாது, கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக வாங்கிவிடுங்கள்.

கே: பிளாட்டினத்தில் துணி எடுத்து ஊரில் விற்க எண்ணம். அளவு சரியாக வருமா? (ஈரோடு வாசகி)

ப: அளவுதான் அங்கே பெரிய கண்ணி. ‘ஃப்ரீ சைஸ்’ என்று தொங்குவதில் பெரும்பாலானவை ஒல்லியான தாய்லாந்துப் பெண்களுக்கு வெட்டியவை, மார்புச் சுற்றளவு 32 முதல் 36 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். இஞ்ச் டேப் கொண்டுபோங்கள். துணியைத் தட்டையாக விரித்து அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். இழுபடாத பருத்தியானால் உடல் அளவைவிட 2 அங்குலமாவது கூட இருக்க வேண்டும். கறுப்பு, சிவப்பு, கருநீலத் துணியில் ஈரக் கைக்குட்டையைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள்.

மூன்று உருப்படிக்கு மொத்த விலை என்பது பொதுவான வழக்கம். மூன்றும் ஒரே டிசைனாக இருக்க வேண்டுமா, கலந்து எடுக்கலாமா என்பது கடைக்குக் கடை மாறும், கேட்டுவிட்டு எடுங்கள். கடை எண் உள்ள அட்டையை வாங்கி அதன் பின்னால் எடுத்ததை எழுதிவையுங்கள். சந்துகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் ‘அப்புறம் வரலாம்’ என்று விட்ட கடை மறுபடி கண்ணில் படாது.

விற்பதற்கென்று கொண்டுவரும் சரக்கு பயணியின் சொந்தச் சாமான் ஆகாது. ஒரே டிசைனில் நாற்பது சட்டை பெட்டியில் இருந்தால் இந்தியச் சுங்கம் அதை வணிகச் சரக்காகத்தான் பார்க்கும். முறையாகச் செய்ய இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் எடுத்து, பிளாட்டினம் நிற்கும் பிரதுநாம் பகுதியிலேயே இருக்கும் சரக்கு முகவர் மூலம் பில்லோடு அனுப்புங்கள்.

கே: கார்டு தேய்க்கும்போது ‘ரூபாயா பாட்டா’ என்று மெஷின் கேட்கிறதே? (சென்னை வாசகர்)

ப: பாட். ரூபாயைத் தொட்டால் கடைக்காரரின் வங்கி தனக்குப் பிடித்த மாற்று விகிதத்தைப் போட்டுச் சில சதவீதம் எடுத்துக்கொள்ளும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவையுங்கள், இந்திய கார்டுகளில் அது மூடித்தான் வரும். ஏ.டி.எம்.மில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிப்பார்கள். டாலர் மாற்றுவதானால் 100 டாலர் தாளாகக் கொண்டுபோங்கள், சின்னத் தாளுக்கு விகிதம் குறைவு.

கே: ஒரு மாலில் வாங்கிய டிராலி பெட்டியின் சக்கரம் மறுநாளே கழன்றுவிட்டது. ‘விற்றதைத் திருப்ப மாட்டோம்’ என்று பலகையைக் காட்டுகிறார் கடைக்காரர். வழி உண்டா? (யாழ்ப்பாண வாசகர்)

ப: உண்டு. மனம் மாறித் திருப்புவது கடைக்காரரின் தயவு, பழுதுக்காகத் திருப்புவது உங்கள் உரிமை. தாய்லாந்து சிவில், வணிகச் சட்டத் தொகுப்பின் 472ஆவது பிரிவுப்படி பொருளின் மதிப்பையோ பயனையோ கெடுக்கும் குறைக்கு விற்றவர் பொறுப்பு. வாங்கும்போதே கண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு அந்தப் பொறுப்பு இல்லை. பலகை மாட்டிவிட்டதாலேயே விற்றவர் தப்பிவிட முடியாதபடி 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டமும் இருக்கிறது.

ஆனால் வழக்கு நடத்த நீங்கள் அங்கே தங்கப்போவதில்லை, எனவே விமானம் ஏறும் முன் முடிக்கப் பாருங்கள். பழுதைப் படமெடுத்து, பில்லோடு கடைக்குப் போய், பணத்தைக் கேட்காமல் மாற்றுப் பெட்டி கேளுங்கள், அதுதான் சீக்கிரம் நடக்கும். மறுத்தால் மாலின் தகவல் மேசைக்குப் போங்கள். வாடகைக் கடைக்காரர்கள் மால் நிர்வாகத்தின் பேச்சுக்குக் கொஞ்சம் இறங்குவார்கள். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்பு வாரியம் 1166, சுற்றுலாப் போலீஸ் 1155. ஆங்கிலத்தில் பேச 1155 எளிது. கார்டில் கொடுத்திருந்தால் ஊருக்கு வந்தபின் வங்கியில் மறுப்பு மனு போடலாம், அந்தப் படங்கள் அப்போது உதவும்.

கே: சைவம். மால் ஃபுட் கோர்ட்டில் சாப்பிட முடியுமா? (கும்பகோணம் வாசகி)

ப: முடியும். மஞ்சள் பின்னணியில் சிவப்பில், நம் கண்ணுக்கு 17 என்ற எண்ணைப் போலத் தெரியும் எழுத்தைத் தேடுங்கள். அது ‘ஜே’. மாமிசம், மீன் சாறு, முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாத சமையல். ‘மங்சவிரத்’ என்றால் மாமிசம் மட்டும் இல்லை, முட்டை இருக்கலாம். பப்பாளிக்காய் சாலட் காய்தானே என்று எடுத்துவிடாதீர்கள், வழக்கமாக அதில் மீன் சாறும் காய்ந்த இறாலும் விழும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், நம் புரட்டாசி, ஐப்பசி வாக்கில், ஜே திருவிழா நடக்கும் நாட்களில் மால்களிலேயே தனிக் கடைகள் முளைக்கும்.

பல ஃபுட் கோர்ட்டுகளில் முதலில் பணம் கட்டி அட்டை வாங்க வேண்டும். டெர்மினல் 21இன் ஐந்தாம் மாடியில் உள்ளது மலிவுக்குப் பெயர் பெற்றது. மீதிப் பணத்தை அன்றே அதே கவுன்டரில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.